வீணைக்கும் சேர்த்து விலை சொல்லுங்கள்: ஃப்ரீலான்ஸ் எழுத்தாளருக்கான நேரக் கணக்கு

மொழிபெயர்ப்பு, விளம்பர வாசகம், பாடநூல் செம்மையாக்கம், வசன வரிகள் என்று கிடைக்கும் எழுத்து வேலைகளை வீட்டிலிருந்தே செய்து பிழைக்கும் ஒருவரிடம், விட்டுப்போன வீணை வகுப்பைப் பற்றியோ படிக்காமல் அடுக்கி வைத்திருக்கும் நாவல்களைப் பற்றியோ கேட்டால், "இந்த வேலை முடியட்டும், அடுத்த மாதம் தொடங்கலாம் என்றிருக்கிறேன்" என்ற பதிலே பெரும்பாலும் கிடைக்கும். எனக்கு அந்த அடுத்த மாதம் நான்கு ஆண்டுகள் வரவில்லை. என் மாலைகளை விழுங்கியது சோம்பல் என்றும் திட்டமின்மை என்றும் நெடுநாள் நினைத்திருந்தேன். உட்கார்ந்து கணக்கு எழுதிப் பார்த்தபோதுதான், சொல்லுக்கு நான் வாங்கிக்கொண்டிருந்த கூலியே அவற்றை விழுங்கியிருக்கிறது என்பது தெரிந்தது. ஆகவே இந்த வழிகாட்டி, நேர மேலாண்மை பற்றிய வழக்கமான அறிவுரைகளுக்குப் பதிலாக, அந்தக் கணக்கிலிருந்தே தொடங்குகிறது.

முதலில் இரண்டு வாரக் கணக்கு

ஒரு சாதாரண நோட்டுப் புத்தகத்தை எடுத்து, இரண்டு வாரங்களுக்கு ஒவ்வோர் அரை மணி நேரமும் எதில் கழிந்தது என்பதை அந்தந்த வேளையிலேயே எழுதி வாருங்கள். இரவு படுக்கும்முன் மொத்தமாக நினைவிலிருந்து எழுதினால் கணக்கு பொய்யாகிவிடும், ஏனென்றால் மின்னஞ்சலுக்குப் பதில் எழுதியதையும் பழைய பில்லுக்குப் பணம் வரவில்லை என்று நினைவூட்டியதையும் மனம் வேலையாகவே எண்ணாது. நான் இதைச் செய்து பார்த்தபோது, நாள் ஒன்றுக்கு 9 மணி நேரம் மேசை முன் உட்கார்ந்திருந்தேன். அதில் உண்மையாக எழுதியது நாலரை மணி நேரம் மட்டுமே. மற்றதெல்லாம் விலை பேசுவது, மாதிரிப் பக்கம் செய்து அனுப்புவது, கலைச்சொல் தேடுவது, "ஒரு சின்னத் திருத்தம்தான்" என்று திரும்பி வரும் கோப்பைத் திறப்பது என்று போயிருந்தது.

இந்த நாலரை மணி நேரத்தைப் பார்த்து வெட்கப்பட வேண்டியதில்லை. கவனம் குன்றாமல் ஒருவர் ஒரு நாளில் எழுதக்கூடிய நேரம் ஏறக்குறைய அவ்வளவுதான் என்பது என் அனுபவம். அதற்கு மேல் எழுதியதை மறுநாள் காலையில் திருத்த வேண்டியிருக்கும். கவலைப்பட வேண்டியது, அந்த நாலரை மணி நேரம் உங்கள் ஒன்பது மணி நேரத்துக்கும் சேர்த்துச் சம்பாதிக்கிறதா என்பதைப் பற்றித்தான்.

சொல்லுக்கு எவ்வளவு

குடும்பச் செலவுக்கும் சேமிப்புக்குமாக மாதம் 60,000 ரூபாய் தேவை என்று வைத்துக்கொள்வோம். மாதத்தில் 22 நாட்கள் வேலை, நாளுக்கு நாலரை மணி நேரம் எழுத்து என்றால் ஏறக்குறைய 100 மணி நேரம் கிடைக்கிறது. அப்படியானால் ஒரு மணி நேர எழுத்து 600 ரூபாய் ஈட்டியாக வேண்டும். திருத்தமும் சேர்த்து மணிக்கு 300 சொற்கள் மொழிபெயர்ப்பவருக்குச் சொல்லுக்கு 2 ரூபாய் என்று வருகிறது. இதே வேலையை 1 ரூபாய்க்கு ஒப்புக்கொள்பவர், அதே 60,000 ரூபாய்க்கு 200 மணி நேரம் எழுத வேண்டும். கூடுதலாகத் தேவைப்படும் அந்த 100 மணி நேரத்தை அவர் வேறெங்கும் கடன் வாங்க முடியாது. வீணை வகுப்பிலிருந்தும் நடைப்பயிற்சியிலிருந்தும் குழந்தையோடு பேசும் வேளையிலிருந்தும்தான் எடுப்பார். உங்கள் எண்கள் வேறாக இருக்கலாம், கணக்கு இதுதான். இதைப் போட்டுப் பார்க்காமல் புதிய வேலை எதற்கும் விலை சொல்லாதீர்கள்.

தமிழில் மொழிபெயர்ப்பவர்கள் இங்கே இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வேற்றுமை உருபுகளும் துணைவினைகளும் சொல்லோடு ஒட்டிக்கொள்ளும் மொழி நம்முடையது என்பதால், ஆயிரம் சொற்கள் கொண்ட ஆங்கிலப் பனுவல் தமிழில் எழுநூறு, எண்ணூறு சொற்களாகச் சுருங்கிவிடும். மூலத்தின் சொற்களை எண்ணிக் கூலி தருவதா, தமிழில் வந்த சொற்களை எண்ணித் தருவதா என்பதைத் தொடக்கத்திலேயே எழுத்தில் கேட்டுக்கொள்ளாதவர், ஒரே வேலைக்குக் கால்வாசிக் கூலியைச் சத்தமில்லாமல் இழக்கிறார். இயந்திரம் மொழிபெயர்த்ததைத் திருத்தித் தரும் வேலையும் இப்போது நிறைய வருகிறது. அதற்குக் கூலி பாதியாகவோ அதற்கும் குறைவாகவோ இருக்கும், ஆனால் நேரம் பாதியாகும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் கிடையாது. ஒப்புக்கொள்ளும்முன் கோப்பின் நடுவிலிருந்து ஒரு பக்கத்தை எடுத்து, கடிகாரத்தை வைத்துக்கொண்டு திருத்திப் பாருங்கள். முதல் பக்கத்தை எடுக்காதீர்கள், அது எப்போதும் எளிதாகவே இருக்கும்.

கையில் வரும் பணம் பில்லில் எழுதிய பணமாக இருக்காது என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும். தொழில்முறைக் கட்டணத்தில் நிறுவனங்கள் பொதுவாக 10 விழுக்காடு வருமான வரியாகப் பிடித்துக்கொண்டு மீதியைத் தருகின்றன. ஒரே நிறுவனம் ஆண்டுக்கு 30,000 ரூபாய்க்கு மேல் தந்தால் பிடித்தம் என்றிருந்த வரம்பு 2025 ஏப்ரல் முதல் 50,000 ரூபாயாக உயர்ந்துள்ளது. கட்ட வேண்டிய வரி அதைவிடக் குறைவென்றால் மிச்சம் திரும்பக் கிடைக்கும், ஆனால் கணக்குத் தாக்கல் செய்த பிறகுதான். பணம் தாமதமாக வருவது இன்னொரு துன்பம். குறு, சிறு தொழில்களுக்காக அரசு 2020 ஜூலையில் தொடங்கிய உத்யம் பதிவைக் கட்டணமின்றி இணையத்தில் செய்துகொண்டால், குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் சட்டத்தின்படி, நீங்கள் முடித்துத் தந்த பணியை ஏற்றுக்கொண்ட நிறுவனம் உங்களோடு எழுத்து ஒப்பந்தம் செய்திருந்தாலும் 45 நாட்களுக்கு மேல் பணத்தை இழுத்தடிக்கக் கூடாது. ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாட்கள். சட்டத்தைக் காட்டி வழக்காடுவதற்கு நம்மில் பலருக்குத் துணிவிராது, எனக்கும் இருந்ததில்லை. ஆயினும் பில்லின் அடியில் உத்யம் பதிவு எண்ணையும் "45 நாட்களுக்குள்" என்ற சொற்களையும் அச்சிட்ட பிறகு, கணக்குப் பிரிவிலிருந்து வரும் பதில்கள் சற்று விரைவாயின.

மூன்று மாதச் செலவுக்கான பணத்தைத் தனிக் கணக்கில் ஒதுக்கி வைக்கும்வரை வேறு எந்தப் பொழுதுபோக்குக்கும் பெருஞ்செலவு செய்ய வேண்டாம் என்றே சொல்வேன். அடுத்த மாத வாடகை நிச்சயமில்லாதவரால் எந்த வேலையையும் மறுக்க முடியாது. மறுக்க முடியாதவரின் நாட்காட்டியில் வகுப்பு நேரத்தைப் பச்சை மையில் எழுதினாலும் சிவப்பு மையில் எழுதினாலும் அது நிற்காது.

வேலைக்கு முன்னால் உள்ள நேரம்

எல்லாம் முடிந்த பிறகு மிஞ்சும் நேரத்தில் விருப்பத்தைச் செய்யலாம் என்று நினைப்பவர்களுக்கு எதுவும் மிஞ்சுவதில்லை, ஏனென்றால் எழுத்து வேலைக்கு முடிவு என்று ஒன்று கிடையாது. இன்னொரு முறை படித்தால் இன்னும் ஒரு வாக்கியத்தைச் சீராக்கலாம் என்றே தோன்றும். ஆகவே விருப்பத்துக்குரிய நேரத்தை, மின்னஞ்சலைத் திறப்பதற்கு முன்னால் வைத்துவிடுவது நல்லது. மின்னஞ்சலைத் திறந்துவிட்டால், கை வீணையில் இருந்தாலும் மனம் அந்தக் கடிதத்துக்குப் பதில் எழுதிக்கொண்டிருக்கும்.

வீணையைப் பொறுத்தவரை காலை வேளைக்கு உடல் சார்ந்த காரணமும் உண்டு. நாள் முழுவதும் தட்டச்சு செய்து சலித்த விரல்களால் இரவில் தந்தியை இழுத்துக் கமகம் பிடித்தால் மணிக்கட்டு வலிக்கிறது, சுருதியும் விலகுகிறது. அதோடு, தந்தியை அழுத்தி அழுத்தி இடக்கை ஆட்காட்டி விரலிலும் நடுவிரலிலும் காய்த்துப்போகும் தோல், சில வாரங்கள் வாசிக்காமலிருந்தால் மென்மையாகிவிடும். மறுபடி வாசிக்கும்போது முதலிலிருந்து அந்த எரிச்சலைத் தாங்க வேண்டும். எனவே ஞாயிற்றுக்கிழமையில் மூன்று மணி நேரம் என்று ஒதுக்குவதைவிட, நாள்தோறும் இருபத்தைந்து நிமிடம் என்று வைப்பது கைக்கும் நல்லது, கெடு நெருங்கும் வாரங்களிலும் தாக்குப்பிடிக்கும். உங்கள் விருப்பம் மாடித்தோட்டமாகவோ கோலமாகவோ நீச்சலாகவோ இருக்கலாம். அது நீண்ட இடைவெளியைப் பொறுக்குமா, பொறுக்காதா என்று மட்டும் பாருங்கள். கத்தரிச் செடி தண்ணீருக்கு மூன்று நாள் காத்திராது. புகைப்படக் கருவி மூன்று மாதம் பெட்டியில் இருக்கும். பொறுக்காததை நாட்கணக்கிலும், பொறுப்பதை மாதக் கணக்கிலும் வையுங்கள்.

மிகச் சிறிய அளவிலும் ஒரு விருப்பத்தை முழுமையாகச் செய்ய முடியும் என்பதற்குப் பறவை நோக்குதல் நல்ல எடுத்துக்காட்டு. 2015 முதல் ஆண்டுதோறும் பொங்கல் நாட்களில் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் பங்கேற்க, ஓரிடத்தில் குறைந்தது 15 நிமிடம் நின்று, கண்ட பறவைகளை எல்லாம் எண்ணி, பறவைப் பதிவுகளுக்கான இபேர்ட் இணையதளத்தில் பட்டியலிட்டால் போதும்; அந்த இடம் சொந்த மொட்டை மாடியாகவும் இருக்கலாம். பொங்கலோடு நின்றுவிடாமல் வாரத்தில் இரண்டு நாள் இதே 15 நிமிடத்தை வழக்கமாக்கிக்கொண்டால், கெடு நெருக்கும் மாதத்திலும் கூண்டு விலங்குபோல் அறைக்குள் அடைந்து கிடக்கும் உணர்வு குறையும். கண்ணுக்கும் நல்லது; ஒன்றரை அடி தூரத்துத் திரையையே பார்த்துக்கொண்டிருந்த கண், தொலைவில் பறக்கும் கருடனைத் தேடும்.

வாசிப்பு மட்டும் தனிச் சிக்கல். செம்மையாக்கம் செய்பவர்கள் நாவலை எடுத்தாலும் ஒற்றுப் பிழையைத் தேடுவார்கள்; நான் ஒருமுறை இரவல் வாங்கிய புத்தகத்தில் பென்சிலால் வல்லினம் மிகுத்துவிட்டு, திருப்பித் தரும்போது மன்னிப்புக் கேட்டிருக்கிறேன். வேலை செய்யும் மேசையில் விருப்பத்துக்குரிய புத்தகத்தைப் படிக்காமலிருப்பதும், வேலை தமிழில் என்றால் இரவு வாசிப்பை வேறு மொழியில் வைத்துக்கொள்வதும் ஓரளவு உதவும்.

ஆண்டு முழுவதையும் ஒரே பார்வையில்

வாரத் திட்டம் போடுபவர்கள் பலர், ஆண்டுத் திட்டம் போடுபவர்கள் சிலரே. எழுத்து வேலைக்கும் பருவங்கள் உண்டு. மார்ச் மாதத்தில், நிதியாண்டு முடிவதற்குள் ஒதுக்கீட்டைச் செலவழிக்க வேண்டிய நிறுவனங்கள் ஒரேயடியாக வேலை தரும். தீபாவளிக்கு முன் விளம்பர வாசகங்களும் மலர்களுக்கான கட்டுரைகளும் குவியும். பதிப்பகங்களோடு வேலை செய்பவர்களுக்கு, புத்தக விற்பனையாளர், பதிப்பாளர் சங்கமான பபாசி நடத்தும் சென்னைப் புத்தகக் காட்சிக்கு முந்தைய அக்டோபர், நவம்பர், டிசம்பர் மாதங்களே ஆண்டின் உச்சம்; அச்சகத்துக்குப் போகும் கடைசிப் படிவம் வரை மெய்ப்புத் திருத்தம் நடக்கும்.

இதில் எனக்கொரு குறை உண்டு. மார்கழி இசை விழாவும் அதே டிசம்பரில்தான் வருகிறது. வேடந்தாங்கலில் பறவைகள் நிறைந்திருப்பதும் நவம்பர் முதல் மார்ச் வரைதான். விருப்பங்கள் இரண்டும் வேலையின் உச்சத்தோடு மோதும்போது, டிசம்பர் முதல் வாரத்தில் உட்கார்ந்து திட்டமிடுவது வீண். ஜூன் மாதத்திலேயே தொடங்க வேண்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான மந்தமான காலத்தில், கெடு தளர்வாக உள்ள நீண்ட வேலைகளைக் கேட்டு வாங்கி முடித்து, டிசம்பரில் ஏற்கும் பக்கங்களின் எண்ணிக்கைக்கு ஓர் உச்சவரம்பு வைத்து, அதைப் பதிப்பாளர்களுக்கு ஆகஸ்டிலேயே சொல்லிவிடுங்கள். ஆகஸ்டில் சொன்னால் அது தகவல். டிசம்பரில் சொன்னால் கைவிரிப்பு.

அலுவலகம் செல்பவர்களுக்கு இல்லாத ஒரு வசதி நமக்கு இருக்கிறது, அதை ஏனோ நாம் பயன்படுத்துவதில்லை. சபாக்களில் மாலைக் கச்சேரிக்குத்தான் சீட்டும் கூட்டமும். பகல் வேளையில் இளம் கலைஞர்கள் பாடும் கச்சேரிகள் பலவற்றுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. காலை ஆறு மணிக்கு எழுதத் தொடங்கிப் பதினொன்றுக்குள் அன்றைய எழுத்தை முடித்துவிட்டு, நண்பகல் கச்சேரி ஒன்றைக் கேட்டு, கேன்டீனில் சாப்பிட்டு, மூன்றரை மணிக்கு மேசைக்குத் திரும்பி மின்னஞ்சல்களைக் கவனிக்கலாம். வேடந்தாங்கலுக்கு ஞாயிற்றுக்கிழமை நெரிசலில் போவதற்குப் பதிலாக ஒரு வேலை நாளில் விடியுமுன் புறப்பட்டுப் போகலாம். பதிலுக்கு ஞாயிற்றுக்கிழமை வேலை செய்ய நேர்ந்தால் அதைத் தியாகம் என்று சொல்லிக்கொள்ள வேண்டாம், அது இடமாற்றம்தான்.

"வீட்டில்தானே இருக்கிறாய்"

ஏஜென்சிகள் தரும் நெருக்கடியைவிடச் சிக்கலானது இது. கேஸ் சிலிண்டர் வரும்போது கதவைத் திறக்க, அப்பாவை வங்கிக்கு அழைத்துப்போக, ஊரிலிருந்து வந்த உறவினருக்குக் காபி போட, எல்லாவற்றுக்கும் வீட்டிலிருந்து எழுதுபவரே கிடைப்பார். பெண்ணாக இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம், அவர் செய்வது வேலை என்றே பலருக்குப் படாது. இவற்றை முழுவதும் மறுப்பது நடக்காத காரியம், மறுக்கவும் கூடாது. ஆனால் வாரத்தில் ஒரு பிற்பகலை வெளிவேலைக்கென்று ஒதுக்கி, "வங்கிக்குப் புதன்கிழமை போவோம் அப்பா" என்று சொல்லிப் பழக்கினால், ஐந்தாறு துண்டுகளாகச் சிதறிய நேரம் ஒரே துண்டாகிறது. எழுதும் நேரத்தை வீட்டாருக்குச் சொல்வதுபோலவே வீணை வாசிக்கும் நேரத்தையும் சொல்லிவிடுங்கள். இரண்டையும் ஒரே குரலில் சொல்ல வேண்டும். வீணை வகுப்பைச் சொல்லும்போது மட்டும் குரல் தாழ்ந்தால், அதை ஒத்திப்போடலாம் என்று கேட்பவர் புரிந்துகொள்வார்.

வேலை தருபவர்களிடம் மறுப்பைச் சொல்லும்போது காரணம் சொல்லாதிருப்பதே மேல். வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்குக் கோப்பை அனுப்பித் திங்கட்கிழமை காலை வேண்டும் என்பவருக்கு நான் வழக்கமாக அனுப்பும் பதில் இது: "வணக்கம். இந்தப் பணியைச் செய்து தர எனக்கு விருப்பமே. சனி, ஞாயிறு நேரம் ஏற்கெனவே ஒதுக்கப்பட்டுவிட்டதால் புதன்கிழமை மாலைக்குள் தர இயலும். திங்கட்கிழமையே தேவையெனில் அவசரப் பணிக்கான கட்டணம் 50 விழுக்காடு கூடுதல். எது வசதி என்று தெரிவியுங்கள்." பாதிப்பேர் புதன்கிழமைக்கு ஒப்புக்கொண்டுவிடுகிறார்கள். அந்த அவசரம் யாருடைய அவசரமாக இருந்தது என்பது எனக்கு இன்றுவரை புரியவில்லை. வாட்ஸ்அப்பில் வரும் வேலைக்கும் மின்னஞ்சலிலேயே பதில் அனுப்புங்கள். இரண்டே மாதத்தில் இரவு பத்து மணிக் குறுஞ்செய்திகள் குறையும்.

விருப்பத்தை விற்கலாமா

பறவை பார்ப்பவர் பறவைகளைப் பற்றிப் பத்தி எழுதினால் என்ன, விருப்பமும் வேலையும் ஒன்றாகிவிடுமே என்று யாராவது ஒருநாள் கேட்பார்கள். இதற்கு நம்மிடையே பெரிய முன்னுதாரணமே இருக்கிறது. இயற்கையியலாளர் மா. கிருஷ்ணன், சண்டூர் சமஸ்தானத்தில் பார்த்த வேலையை விட்டு மதராசுக்குத் திரும்பி, எழுத்தையும் புகைப்படத்தையும் நம்பியே வாழ்ந்தார். 'தி ஸ்டேட்ஸ்மன்' நாளிதழில் 1950 முதல் 1996இல் மறையும்வரை 46 ஆண்டுகள் பத்தி எழுதினார். காகத்தையும் அணிலையும் யானையையும் பார்த்த கண்ணே அவருடைய மூலதனம். அப்படி வாழ்வது சிலருக்கு வாய்க்கும்.

மற்றவர்களுக்கு என் யோசனை: உங்களுக்கு மூன்று விருப்பங்கள் இருந்தால் ஒன்றை விற்கலாம், இரண்டாவதை வேண்டுமானால் யோசிக்கலாம், மூன்றாவதைப் பற்றி ஒரு வரிகூட எழுத வேண்டாம். எழுதத் தொடங்கியவுடன் பார்க்கும் விதம் மாறிவிடுகிறது. பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தில் நிற்கும் பூநாரையைப் பார்க்கும்போதே முதல் வாக்கியம் மனத்தில் ஓடத் தொடங்கிவிட்டால், அந்தக் காலைப்பொழுது கணக்குப் புத்தகத்தின் வேலைப் பக்கத்தில்தான் சேரும்; அதற்குரிய கூலியையும் கேட்டு வாங்க வேண்டும். வீணையைப் பற்றி இந்தக் கட்டுரையில் இவ்வளவு எழுதியதன் மூலம் என் விதியை நானே மீறிவிட்டேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

அறுந்த பிறகு

எவ்வளவு திட்டமிட்டாலும் ஆண்டில் ஒருமுறையாவது எல்லாம் அறுந்துபோகும். வீட்டில் யாருக்காவது உடல்நலம் குன்றும். ஒரே வாரத்தில் இரண்டு பெரிய வேலைகள் வந்து, இரண்டையும் ஏற்கவேண்டிய பணநெருக்கடி இருக்கும். வீணை ஒரு மாதம் உறைக்குள்ளேயே கிடக்கும். அப்போது விட்டுப்போன மணிநேரத்தை எல்லாம் ஈடுகட்ட முயன்று ஒரே நாளில் மூன்று மணி நேரம் உட்காருவது, விரலையும் மனத்தையும் ஒருசேரப் புண்ணாக்கிக்கொள்ளும் வழி. திரும்பும் முதல் வாரத்தில் நேரத்தைப் பத்து நிமிடமாகக் குறைத்துக்கொள்ளுங்கள். புதிய கீர்த்தனை எதையும் தொட வேண்டாம். சுருதி கூட்டிவிட்டு, தொடக்கப் பயிற்சிகளான சரளி வரிசையையும் ஜண்டை வரிசையையும் முதல் காலத்திலும் இரண்டாம் காலத்திலும், அதாவது மெதுவான வேகத்திலும் அதன் இரு மடங்கு வேகத்திலும் மட்டும் வாசியுங்கள். மூன்றாம் காலத்தை அடுத்த வாரம், விரல் எரியாமலிருந்தால், பார்த்துக்கொள்ளலாம்.